நிக்கஜாக் ஏரியில் என் முதல் கயாக் பாஸ் போட்டி: விதிகளில் சில சந்தேகங்கள்

புதுத்துடுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டென்னசியில் இருக்கிறேன். பெடல் கயாக் வாங்கியதிலிருந்து வார இறுதிகளில் சிக்கமாகா, நிக்கஜாக் இரண்டு ஏரிகளிலும் பாஸ் மீனுக்குத் தூண்டில் போட்டு வருகிறேன். பெரிய வாய் பாஸ், சின்ன வாய் பாஸ், புள்ளி பாஸ் மூன்றும் கிடைத்திருக்கின்றன. அடுத்த மாதம் நிக்கஜாக்கில் உள்ளூர் கயாக் மன்றம் ஒரு நாள் போட்டி நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் 50 டாலர். பெயர் கொடுத்துவிட்டேன்.

பெயர் கொடுத்த பிறகுதான் விதிப் புத்தகத்தை அனுப்பினார்கள். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. மீனைப் பிடிப்பதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. படம் எடுப்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக இருக்கிறது. எடை போடுவதே கிடையாதாம். பலகையில் வைத்து நீளம் அளந்து, படம் எடுத்து, அங்கேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத் தொகைதான் மதிப்பெண்.

என் சந்தேகங்கள் இவை. படம் எந்தக் காரணங்களுக்காகத் தள்ளுபடி ஆகும்? கரையில் இறங்கி நின்று தூண்டில் போடலாமா? உயிர் இரை கூடாது என்கிறார்கள், வாசனை தடவிய ரப்பர் புழு ஆகுமா? என் நண்பர் மின்மோட்டார் தருவதாகச் சொல்கிறார், மாட்டிக்கொள்ளலாமா? மலை இடுக்குப் பக்கம் போனால் சிக்னல் கிடைக்காது, அங்கே பிடித்த மீனின் படத்தை எப்படி அனுப்புவது?

போட்டியில் கலந்துகொண்டவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது இல்லை. பிடித்த மீன் கணக்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

---

கால் அங்குலம் எழுதியது:

தம்பி, வாருங்கள். நானும் முன்பு போட்டியாளன்தான். இப்போது எங்கள் மாநில மன்றம் ஒன்றில் படங்களைச் சரிபார்க்கும் நடுவர்களில் ஒருவனாக இருக்கிறேன். போட்டி நாளில் காலை முதல் மாலை வரை மற்றவர்கள் பிடித்த மீன்களைத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்களே போதும்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய படகுப் போட்டியில் மாலையில் எல்லாரும் கரைக்கு வந்து, மீனைத் தராசில் வைத்து, கூட்டத்தின் முன்னால் எடையைக் காட்டுகிறார்கள். நம் போட்டியில் அப்படி ஒரு மேடையே கிடையாது. நீங்கள் தனியாக ஏதோ ஒரு வளைவில் இருப்பீர்கள். மீன் பிடிபட்டதும், அளந்ததும், திரும்ப நீந்திப் போனதும் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஒரு படம்தான் சாட்சி. விதிப் புத்தகத்தில் முக்கால்வாசி படத்தைப் பற்றியே இருப்பது அதனால்தான். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் 'இப்படி எடுத்தால் மற்றப் போட்டியாளர் எப்படி நம்புவார்?' என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியோடு படித்தால் தலை சுற்றாது.

இனி பலகை. தடித்த பிளாஸ்டிக்கில் வரும் ஹாக் ட்ரஃப், அலுமினியத்தில் வரும் கெட்ச் இரண்டும்தான் அதிகம் புழங்குகின்றன. சில போட்டித் தொடர்கள் இன்ன பலகைதான் என்று கட்டாயப்படுத்தும், ஆகவே உங்கள் மன்றத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பலகையில் கோடுகளும் எண்களும் புடைப்பாக மட்டும் இருந்தால், அழியாத கறுப்பு மையால் அவற்றை நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் எடுத்த படத்தில் கோடே தெரியாது. பலகையை வெட்டுவது, ஒட்டுவது, தடுப்பைக் கழற்றி மாட்டுவது எதுவும் கூடாது. விரிசல் விட்ட பலகையைப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்தால் உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் வராது. ஆனால் அந்த ஒட்டில் எத்தனை மில்லிமீட்டர் போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் செல்லாது.

மீனின் தலை இடது பக்கம். வாய் மூடியிருக்க வேண்டும். மூடிய வாயின் நுனி பலகையின் முன்தடுப்பைத் தொட்டிருக்க வேண்டும். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் முதல் இடம் இதுதான். உதட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே நூலளவு வெளிச்சம் தெரிந்தால் போதும், மீன் தொடவில்லை என்று அர்த்தம். வாய் பாதி திறந்திருந்தால் கீழ்த்தாடை முன்னே நீண்டுவிடும், நீளம் கூடுதலாகக் காட்டும். எங்கள் மன்றத்தில் அதற்கு ஓர் அங்குலம் கழிப்போம். மீன்பிடி இடுக்கியை வாயில் மாட்டியபடியே எடுத்த படம் நிறைய வருகிறது. கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தூண்டில் முள்ளையும் கழற்றிவிடுங்கள். துள்ளினால் அது உங்கள் கையில்தான் ஏறும்.

அடுத்தது வால். அளவு கால் அங்குலக் கணக்கில் கீழ்நோக்கித்தான் போகும். 17.5 கோட்டைத் தாண்டி 17.75 கோட்டைத் தொடாமல் நின்றால் அது 17.5 தான். மயிரிழை குறைந்தாலும் கீழே இறங்கும். இதில்தான் சண்டை அதிகம் வரும். வால் கோட்டைத் தொடுகிறதா என்பது கேமரா எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. மீன் உருண்டையான உடம்பு கொண்டது. பலகையில் கிடத்தினால் வால் சற்றுத் தூக்கியே நிற்கும். போனைத் தலைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் தூக்கி நிற்கும் வால் கோட்டைத் தாண்டியது போலத் தெரியும். வால் பக்கமாகச் சாய்த்தால் குறைவாகத் தெரியும். ஆகவே போன் மீனின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, பலகைக்கு இணையாக இருக்கட்டும். பலகை முழுதும் தலையிலிருந்து வால் வரை படத்துக்குள் வர வேண்டும். வாலை விரலால் அழுத்தலாமா, குவிக்கலாமா என்பதில் தொடருக்குத் தொடர் விதி மாறுகிறது. அந்த வரியை உங்கள் புத்தகத்தில் தேடி அடிக்கோடிட்டு வையுங்கள்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. மீனைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விரல் செவுள் மூடிக்குள் போகக் கூடாது, கண்ணையோ வாய் தடுப்பைத் தொடும் இடத்தையோ வால் நுனியையோ மறைக்கக் கூடாது. செவுள் என்பது மூச்சு விடும் இடம். அங்கே விரல் விட்டால் மீன் செத்துவிடக்கூடும். விதியில் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது.

அடையாள அட்டை. போட்டிக்கு முந்தின இரவோ அன்று காலையோ ஒரு குறியெண் தருவார்கள். அந்தப் போட்டிக்கு மட்டுமே உரியது. அது ஒவ்வொரு படத்திலும் தெளிவாகத் தெரிய வேண்டும். போன வாரமே மீனைப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியாதபடி செய்யும் பூட்டு அதுதான். அட்டை இல்லாத படத்தை நாங்கள் இரக்கம் பார்த்தும் ஏற்க முடியாது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் வெயில் பட்டு வெள்ளையாக அடித்து எண் மறைந்துவிடும். மங்கலான உறையில் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். மீனைப் பிடிக்கும் கையோடு அட்டையும் தானாகவே படத்தில் வந்துவிடும். சிலர் பலகையிலேயே ஒட்டுகிறார்கள். பலகை தண்ணீரில் விழுந்தால் அட்டையும் சேர்ந்து போகும். பலகைக்கு ஒரு கயிறு கட்டி கயாக்கில் மாட்டிவிடுங்கள்.

படம் எடுத்து முடித்ததும் மீனை உடனே விட்டுவிடாதீர்கள், நெடுநேரம் வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள் என்று இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று படங்கள் அடுத்தடுத்து எடுங்கள். ஒரு நொடி திரையைப் பாருங்கள். வாய், வால், அட்டை மூன்றும் தெரிகின்றனவா? தெரிந்தால் விடுங்கள். இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஆகாமல் இருப்பதற்கு ஒரே வழி, மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்துவதுதான். பலகையை ஏரித் தண்ணீரில் நனைத்து மடியில் வையுங்கள். வெயிலில் கிடந்த அலுமினியப் பலகை தோசைக்கல் போலக் காயும். அதில் உலர்ந்தபடி மீனைப் போட்டால் மேலே இருக்கும் வழவழப்புப் படலம் பலகையோடு ஒட்டி வந்துவிடும். அந்தப் படலம்தான் மீனை நோயிலிருந்து காக்கிறது. போனைத் திறந்து கேமராவை எடுத்து வையுங்கள். அட்டையைப் பாருங்கள். பிறகுதான் மீனை வெளியே எடுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பலகையில் வைத்து ஒரு கையால் படம் எடுத்துப் பழகுங்கள். உட்கார்ந்தபடி, துடுப்பு மடியில் கிடக்க, கயாக் ஆடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்யப் போகிறீர்களோ அதையே செய்து பாருங்கள். தூண்டில் வீசிப் பழகுவதைவிட இது உங்களுக்கு முதல் போட்டியில் அதிக அங்குலங்களைத் தரும்.

மற்றக் கேள்விகள். கரையில் இறங்கி நின்று தூண்டில் போடக் கூடாது. தூண்டில் வீசும்போதும் மீனை ஏற்றும்போதும் கயாக்கில் இருக்க வேண்டும். கயாக்கில் எழுந்து நிற்கலாம். ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் கயாக்கை இழுத்துச் செல்ல பெரும்பாலும் அனுமதி உண்டு, அந்த நேரத்தில் வீசக் கூடாது. வேறு படகில் கயாக்கை ஏற்றிக்கொண்டு போய் நல்ல இடத்தில் இறங்குவது கூடாது. பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்திருக்கும் துறையிலிருந்துதான் கயாக்கை இறக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பின்புறத்துப் படித்துறை ஆகாது. ஒரே நேரத்தில் ஒரு தூண்டில்தான் தண்ணீரில் இருக்கலாம், கட்டி ஆயத்தமாக எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் புழுவும் வாசனையும் தாராளமாக ஆகும். உயிர் இரைதான் கூடாது. பழைய பாஸ் போட்டி விதிகளில் பன்றித் தோல் பட்டைக்கு மட்டும் விலக்கு உண்டு, அந்தக் காலத்துத் தூண்டில்காரர்களின் செல்ல இரை அது. ஒரே சட்டத்தில் பல இரைகளைத் தொங்கவிடும் அலபாமா ரிக்கைச் சில போட்டிகள் தடுக்கின்றன, மாநிலச் சட்டமும் முள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயம் போட்டியைப் பொறுத்தது. சில தொடர்களில் அனுமதி, சிலவற்றில் துடுப்பும் பெடலும் மட்டுமே. ஆனால் டென்னசியில் சின்ன மின்மோட்டாரை மாட்டினாலும் கயாக் இயந்திரப் படகு என்ற கணக்கில் வந்துவிடும். மாநில வனவிலங்குத் துறையில் பதிவு செய்து எண்ணைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். போட்டியில் மாநிலச் சட்டத்தை மீறினால் அதுவே தகுதி நீக்கத்துக்குப் போதும். முதல் போட்டிக்கு நண்பரின் மோட்டாரை இரவல் வாங்காதீர்கள். மீன்பிடி உரிமத்தையும் புதுப்பித்து வைத்திருங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டூர்னிஎக்ஸ், ஃபிஷிங் கேயாஸ் போன்ற செயலிகளில் படத்தைப் பின்னால் ஏற்றலாம். போட்டி முடிந்த பிறகு படம் ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு கெடு நேரம் இருக்கும். ஆனால் போனின் சொந்தக் கேமராவில் எடுத்த மூலப் படம்தான் வேண்டும். அதற்குள் எடுத்த நேரமும் இடமும் பதிந்திருக்கும். போனின் இருப்பிடப் பதிவை முதல் நாளே இயக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி அங்கிருந்து எடுத்து ஏற்றினால் அந்தப் பதிவுகள் அழிந்துவிடும். எனக்குச் சந்தேகம் வரும்போது நான் கேட்கும் முதல் பொருள் அந்த மூலப் படம்தான்.

நிக்கஜாக்குக்கு மட்டும் உரிய ஒன்று. அந்த ஏரி நேர மண்டல எல்லையில் கிடக்கிறது. மேல்முனை சட்டனூகா, கிழக்கு நேரம். கீழ்முனையில் அணை இருக்கும் மேரியன் கவுன்டி, மத்திய நேரம். கீழே போகப் போக உங்கள் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன்படி மணி ஒன்று முன்னும் பின்னும் தாவும். போட்டி எந்த நேரக் கணக்கில் நடக்கிறது என்று இயக்குநரிடம் கேட்டு, கைக்கடிகாரத்தில் அதையே வையுங்கள். தூண்டில் இறக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு வீச்சு வீசினாலும் போயிற்று.

---

ஆற்றுநாரை எழுதியது:

தம்பி, அண்ணன் படத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் உயிரைப் பற்றிச் சொல்கிறேன். நான் டென்னசி ஆற்றில் கயாக் ஓட்டுபவள், அதிகாலைப் பனியில் அந்த ஆறு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்.

லைஃப் ஜாக்கெட் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது நாட்டுச் சட்டம். போட்டியில் அது போதாது. தண்ணீரில் இருக்கும் எல்லா நேரமும் உடம்பில் மாட்டி, கொக்கி போட்டிருக்க வேண்டும். படத்தில் ஜாக்கெட் இல்லாமல் நீங்கள் தெரிந்தாலே தகுதி நீக்கம் செய்யும் மன்றங்கள் இருக்கின்றன. அது சரிதான் என்பேன். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்து அறிக்கையைப் படியுங்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஜாக்கெட் அணியாதவர்கள். வருடம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஊதி விரியும் வகை ஜாக்கெட் வெயில் காலத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அதை மாட்டியிருந்தால்தான் அது ஜாக்கெட், பெட்டிக்குள் கிடந்தால் பல வகைகள் சட்டப்படியே கணக்கில் வரா. உள்ளே இருக்கும் வாயுக் குப்பியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளிராக இருக்கும் மாதத்தில் நான் நுரை அடைத்ததைத்தான் போடுவேன். எதையும் இழுக்காமலே மிதக்க வைக்கும்.

போட்டியாளர்கள் விடியும் முன்னே கிளம்புவார்கள். துடுப்புப் படகுக்கு வெள்ளை விளக்கு ஒன்றைக் கையில் வைத்திருந்து மோதலைத் தடுக்கும் நேரத்தில் காட்டினால் போதும் என்கிறது நீர்வழிச் சட்டம். போட்டி விதிகள் பெரும்பாலும் கம்பத்தில் எல்லாப் பக்கமும் தெரியும் விளக்கைக் கேட்கின்றன. கம்பத்தில் மாட்டுங்கள். உயரக் கொடியும் விசிலும் இருக்கட்டும். நிக்கஜாக்கில் சரக்குப் படகுத் தொடர் போகும். அது உங்களுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. ஆற்றின் ஆழமான படகுப் பாதையில் அதற்கு வழி விட வேண்டியது நாம்தான். அந்தப் பாதையைக் கடப்பதானால் குறுக்காக, விரைவாகக் கடந்துவிடுங்கள். நடுவில் நின்று வீசாதீர்கள்.

இன்னொன்று, மேலே சிக்கமாகா அணை, கீழே நிக்கஜாக் அணை. மின்சாரம் எடுக்கத் திறந்துவிட்டால் அமைதியாக இருந்த ஆறு ஓட ஆரம்பிக்கும். காலையில் சுலபமாகப் பெடல் மிதித்துப் போன இடத்திலிருந்து மதியம் எதிர்நீச்சலில் திரும்ப வேண்டிவரும். நீர் திறக்கும் நேரங்களை, இந்த அணைகளை நடத்தும் அரசு நிறுவனமான டிவிஏ தன் செயலியிலேயே வெளியிடுகிறது. முந்தின இரவு பாருங்கள். கெடு நேரத்துக்குள் கரை சேராவிட்டால் பிடித்த ஐந்து மீனும் போய்விடும் மன்றங்கள் உண்டு. அந்த அவசரத்தில்தான் ஆட்கள் துணிந்து தவறான வழியில் வருகிறார்கள். பதறாத காரியம் சிதறாது. ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பத் தொடங்குங்கள்.

---

வெண்கெண்டை எழுதியது:

விதிகளை விளக்கியதற்கு நன்றி. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. 18 அங்குலத்தில் ஒரு மீன் ஒல்லியாக இருக்கும், இன்னொன்று முட்டை நிறைந்து இரண்டு பவுண்டு கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்பது எப்படி நியாயம்? பாஸ் போட்டி என்றால் எடைதானே பரம்பரை?

---

கால் அங்குலம் எழுதியது:

நியாயமான கேள்வி. எடைதான் பரம்பரை என்பதும் உண்மை. ரே ஸ்காட் 1967-இல் பாஸ் போட்டிகளைத் தொடராக நடத்தத் தொடங்கியபோது தராசுதான் எல்லாம். ஆனால் அதே மனிதர்தான் 1972-இல் 'பிடித்ததைக் கொல்லாதே' என்று இயக்கம் தொடங்கினார். மீனைப் படகின் உயிர்த்தொட்டியில் வைத்திருந்து, எடை போட்டு, உயிரோடு விட வேண்டும் என்றார். நாம் செய்வது அந்த எண்ணத்தின் அடுத்த படி. ஸ்காட் நிறுவிய பாஸ்மாஸ்டர் அமைப்பே 2020-இல் கயாக் தொடரைத் தொடங்கியபோது நீளம், படம், விடுவிப்பு என்ற வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒல்லி மீனுக்கும் குண்டு மீனுக்கும் ஒரே மதிப்பெண் என்பது உண்மை. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கயாக்கில் உயிர்த்தொட்டி வைக்க இடமில்லை, ஐந்து மீனை எட்டு மணி நேரம் கயிற்றில் கட்டி இழுத்தால் செத்துவிடும். அதோடு வசந்த காலத்தில் ஆண் பாஸ் கூட்டில் முட்டையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத் தொட்டியில் போட்டுப் பல மைல் தள்ளி எடை மேடைக்குக் கொண்டுபோனால், கூட்டின் முட்டையைச் சின்ன மீன்கள் தின்று தீர்த்துவிடும். அங்கேயே அரை நிமிடத்தில் விட்டால் அது கூட்டுக்குத் திரும்பப் போகிறது. இதை நான் தெளிந்த தண்ணீரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். விட்ட மீன் ஒரு வட்டம் அடித்துவிட்டு அந்த வெளுத்த சரளைக் குழியின் மேலேயே வந்து நின்றது.

இன்னொரு நன்மை. டெக்சஸில் லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. எடைப் போட்டிக்குக் கொண்டுவர முடியாத அந்த அளவு மீன்கள்தான் அந்த ஏரியின் பெருமை. அங்கேயே அளந்து விடுகிற நம் முறையில் அவை கணக்கில் ஏறுகின்றன.

ஏமாற்று வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என் மனத்தை உறுத்தும் விஷயம். 2022 செப்டம்பரில் ஈரி ஏரியில் நடந்த வால்ஐ மீன் போட்டியில், ஜெயித்த மீன்களை எல்லார் முன்னிலையிலும் அறுத்தபோது வயிற்றுக்குள் ஈயக் குண்டுகள் வந்து விழுந்தன. பிடித்த இருவருக்கும் மறு ஆண்டு பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. ஈயம் நீளத்தைக் கூட்டாது, ஆகவே அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. இங்கே வேறு வழிகளில் முயல்கிறார்கள். பலகையில் இடையில் ஓர் அங்குலத்தை வெட்டி எடுப்பவர்கள், ஒரே மீனைத் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பவர்கள். பாஸின் பக்கவாட்டில் போகும் கறுப்புத் திட்டுகள் மீனுக்கு மீன் மாறும். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செதிலில் விழுந்த வடு, மீனின் துடுப்பு முனையில் கிழிசல், திட்டுகளின் வரிசை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பரிசு பெறுபவருக்குப் பொய் கண்டறியும் கருவிச் சோதனை உண்டு என்று பல விதிப் புத்தகங்களில் எழுதியிருப்பதும் வெறும் மிரட்டல் இல்லை. விடியும் முன்னே எழுந்து, நாளெல்லாம் பெடல் மிதித்து, நேர்மையாக மூன்று மீன் பிடித்தவரின் இடத்தை வேறொருவர் திருடக் கூடாது. அதற்காகத்தான் நான் கண் வலிக்க உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

புதுத்துடுப்பு எழுதியது:

கால் அங்குலம் அண்ணா, ஆற்றுநாரை அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விதிப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிகிறது. நேரக் கணக்கைப் பற்றி இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கிழக்கு நேரம்தான் என்று பதில் வந்துவிட்டது. மோட்டார் வேண்டாம் என்று நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் மூன்று கேள்விகள். மீனைக் கயாக்குக்குள் ஏற்றிய பிறகு, படம் எடுக்கும் முன் துள்ளித் தண்ணீரில் விழுந்துவிட்டால்? என்னிடம் நெஞ்சில் மாட்டும் வீடியோ கேமரா இருக்கிறது, அதில் மீன் தெரியுமே? ஐந்து மீன் ஆன பிறகு பெரியது ஒன்று வந்தால் சின்னதை எப்படி எடுப்பது? இருவர் ஒரே அங்குலம் வந்தால்?

---

கால் அங்குலம் எழுதியது:

துள்ளி விழுந்தால் அது உங்கள் மீன் இல்லை. வீடியோ செல்லாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த வீச்சு வீசுங்கள். பலகையில் கிடத்தியதும் ஒரு கையை மீனின் மேல் மென்மையாக வைத்துச் சில நொடி காத்திருங்கள். முதலில் ஒரு துள்ளல் துள்ளும், பிறகு அடங்கும். அடங்கியதும் வாயைத் தடுப்பில் சேர்த்துப் படம் எடுங்கள். கண்ணை ஈரத் துணியாலோ கையாலோ மறைத்தால் சீக்கிரம் அடங்கும். எடுக்கும் நொடியில் கையை விலக்கிவிட வேண்டும். பலகையைக் கயாக்கின் ஓரத்தில் வைக்காமல் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வையுங்கள். துள்ளினாலும் உள்ளேதான் விழும்.

சின்ன மீனை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. எல்லாப் படங்களையும் ஏற்றிக்கொண்டே இருங்கள். நீளமான ஐந்தைச் செயலி தானே வரிசைப்படுத்திக் கணக்கிடும். ஆறாவது மீன் எத்தனை சின்னதாக இருந்தாலும் ஏற்றிவிடுங்கள் என்பேன். மேலே இருக்கும் ஒன்றை நடுவர் தள்ளுபடி செய்தால் அது உள்ளே வந்துவிடும். குறைந்தபட்ச நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் மன்றத்தில் 12 அங்குலம்.

சமநிலை வந்தால் பெரும்பாலும் யாருடைய தனி மீன் நீளமானதோ அவர் முன்னே. அதுவும் சமமானால் இரண்டாவது மீன். ஆகவே நாலு மீன் பிடித்து ஐந்தாவது கிடைக்காமல் போனாலும், நல்ல நீளத்தில் ஒன்று இருந்தால் அதை அலட்சியமாகப் படம் எடுக்காதீர்கள்.

படம் ஏதாவது தள்ளுபடி ஆனால் செயலியிலேயே காரணம் எழுதியிருப்போம். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் மூலப் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். இன்னொரு நடுவர் பார்ப்பார். சமூக ஊடகத்தில் போய் எழுதுவதால் முடிவு மாறாது.

---

ஆற்றுநாரை எழுதியது:

தம்பி, அந்தப் போட்டிக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். துறையில் கயாக்கை இறக்கும் முன் உங்கள் விளக்கையும் ஜாக்கெட்டின் வாயுக் குப்பியையும் ஒரு முறை சேர்ந்து பார்த்துவிடலாம். போனுக்கு நீர் புகாத பையும் கயிறும் வாங்கிவிட்டீர்களா? இல்லாவிட்டால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, கொண்டுவருகிறேன்.